மூன்றாவது டியூப்

பிப்ரவரி 24

அன்புத் தங்கைக்கு,

போனில் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன். இந்த வீட்டில் போனில் பேசுவதும் மைக் வைத்துப் பேசுவதும் ஒன்று. நான் கீழே கூடத்தில் வாயைத் திறந்தால் மாடியிலிருந்து தம்பி பெண்டாட்டி பதில் சொல்கிறாள். அலுவலகத்திலிருந்து பேசலாமென்றால், ரயிலில் குடையை விட்டவரும் பையை விட்டவரும் என் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றுகொண்டு, எனக்கு எங்கே அரிக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

விஷயம் இதுதான். ஜனவரியில் உன் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது நீ வாங்கிக் கொடுத்த களிம்பு டியூப் தீர்ந்துவிட்டது. இன்னொன்று வாங்கி அனுப்பு. இங்கே இருக்கும் மருந்துக்கடைக்காரர் நம் தம்பி சின்னவனோடு படித்தவர். அவரிடம் சீட்டை நீட்டினால் சாயங்காலத்துக்குள் என் வியாதி தெரு முனையைத் தாண்டிவிடும். வீட்டுக்கும் அனுப்பாதே. ரயில் நிலையம், தொலைந்த பொருள் பிரிவு என்று எழுது. நேராக என் மேஜைக்கு வரும்.

குணம் தெரிகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆறு வருஷமாகப் பூஞ்சை, பூஞ்சை என்று ஆளுக்கொரு க்ரீம் எழுதிக் கொடுத்தார்கள். உன் டாக்டரம்மா ஒரே பார்வையில், "இது பூஞ்சை இல்லம்மா, லைக்கன் ஸ்க்ளீரோசஸ்" என்றார். அந்தப் பெயரை நான் இன்னும் ஒழுங்காகச் சொல்லிப் பழகவில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது. ஒன்றுக்குப் போனால் பல்லைக் கடிக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் ஒரு சந்தேகம். டியூபோடு வந்த சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முகத்தில் போடாதே, மறைவிடத்தில் போடாதே என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். எந்த இடத்தில் போடக்கூடாது என்கிறானோ அங்கேதானே டாக்டரம்மா போடச் சொன்னார்! அதுவும் ஸ்டெராய்டு. என்னை வைத்து ஏதாவது சோதனை நடத்துகிறார்களா? கேட்டு எழுது.

இன்னொன்று. கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாரே. நீ போய்க் காட்டினாயா?

அக்கா

-----

மார்ச் 3

அக்கா,

டியூபை அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன்.

நீ அதைப் பூசுகிறாயா, சாப்பிடுகிறாயா? முதல் மாதம் தினமும் ராத்திரி, இரண்டாவது மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை. இதுதான் கணக்கு. ஒரு டியூப் மூன்று மாதமும் வரவேண்டும் என்று டாக்டரம்மா என் எதிரில்தான் சொன்னார். நீ ஒரு மாதத்தில் வழித்துவிட்டாய். ஆள்காட்டி விரல் நுனியில் பாதி அளவு, அதுவும் தோல் வெளுத்திருக்கும் இடத்தில் மட்டும். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது போல இழுத்தால் சுற்றியிருக்கிற நல்ல தோல் மெலிந்துபோகும்.

சீட்டைப் பற்றி நீ கேட்டதை அன்றைக்கே நானும் கேட்டேன். உனக்குத்தான் மறந்துவிட்டது. "அது எல்லாருக்கும் பொதுவா அச்சடிச்சதும்மா. தெரியாம போட்டா ஆபத்து. இந்த வியாதிக்கு இதுதான் மருந்து, அளவா போட்டா ஒண்ணும் ஆகாது. போடாம விட்டாதான் ஆபத்து" என்றார். போடாமல் விட்டால் தோல் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அரிதாகச் சிலருக்குப் புற்றுநோயாகக்கூட மாறலாம், ஆறாத புண் எது வந்தாலும் ஓடி வரவேண்டும் என்று அவர் சொன்னபோது நீ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோப்பை நிறுத்தினாயா? நிறுத்தியிருக்க மாட்டாய். சோப்பு போட்டுத் தேய்த்தால்தான் சுத்தம் என்று நினைக்கிற ஜென்மம் நீ. வெறும் தண்ணீர், அப்புறம் அவர் சொன்ன வழவழப்புக் களிம்பு. அவ்வளவுதான்.

என் வேலை ஓடுகிறது. இந்த வாரம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு வங்கி மேலாளர். பிரேக்கை மிதிக்கச் சொன்னால் மன்னிப்புக் கேட்கிறார். என் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க முடியாது. நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தங்கை

-----

மார்ச் 12

பிரேக்குக்கு,

எனக்கு அளக்கத் தெரியாது என்று எழுத உனக்கு எப்படி மனது வந்தது? இருபத்தாறு வருஷமாகத் தொலைந்த பொருள் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். பர்ஸைக் கேட்டு வருபவன் உள்ளே எத்தனை அறை, எந்தப் பக்கம் ஜிப், எங்கே கிழிசல் என்று அடையாளம் சொல்லாமல் என் கையிலிருந்து ஒன்றும் வாங்கிப் போனதில்லை. எனக்கு அரை விரல் அளக்கத் தெரியாதா?

உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் அளவாகத்தான் போடுகிறேன். அப்படியானால் மீதி எங்கே போகிறது? புது டியூபின் அடியை மடித்து, மடிப்பின் ஓரத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டு வைத்தேன். அடுத்த முறை எடுத்துப் பார்த்தால் மடிப்பு கீறலைத் தாண்டி ஏறியிருக்கிறது. மூடியும் நான் மூடுவதைவிட இறுக்கமாக இருந்தது. யாரோ எடுக்கிறார்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர், ஒரே குளியலறை. நான் டியூபைப் பழைய பற்பசைப் பெட்டிக்குள் போட்டு, டாக்டரம்மா கொடுத்த அறிவுரைத் தாளையும் அதிலேயே செருகி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். சின்னவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், ஸ்பேனரைத் தவிர வேறு எதையும் தேடி அறியாதவன். மிச்சம் யார்? அழகு நிலையத்தில் வேலை செய்கிறவள். முகத்தைப் பளபளப்பாக்குவதே தொழிலாக உள்ளவள். அவள் முகம் போன மாதத்திலிருந்து பளிங்கு மாதிரி இருக்கிறது. தன் முகத்தில்தான் போடுகிறாளா, வாடிக்கைக்காரிகள் முகத்திலும் போட்டுக் காசு பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

சின்னவன் பாவம், இதெல்லாம் தெரியாமல் இருக்கிறான். அவனும் சரியில்லை. குளியலறைக்குள் போனால் வெளியே வருவதில்லை, குழாயை முழுசாகத் திறந்து விட்டுவிடுகிறான். "தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்று கத்தினேன். "ஆமா, உனக்கும் அவர்தானே அப்பா" என்கிறான். சாயங்காலம் டீ கொடுத்தால் வேண்டாம் என்கிறான், தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசி நான் பார்க்கவில்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. போய்க் காட்டினாயா?

அக்கா

-----

மார்ச் 19

அக்கா,

உன்னிடம் ஒரு கெட்ட வழக்கம். எந்த ஆளைப் பார்த்தாலும், இது இவன் பொருள்தானா என்று பார்ப்பாய். சின்ன வயதில் என் ரிப்பனையே என்னிடம் அடையாளம் கேட்டுத்தான் கொடுத்தாய்.

ஆனால் இந்த முறை நீ சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை. மருந்துக்கடையில் மூன்றாவது டியூப் கேட்டபோது அந்த ஆள் என் முகத்தை உற்றுப் பார்த்து, "மேடம், இது முகத்துக்குப் போடறதுக்கு இல்லையே?" என்றான். பெண்கள் சிவப்பாக வேண்டுமென்று இதை வாங்கிப் பூசுகிறார்களாம். முதலில் பளிச்சென்று இருக்குமாம், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவாக வெடிக்குமாம். அவள்தான் எடுக்கிறாள் என்றால் உன் டியூப் போவது பெரிதில்லை, அவள் முகம் போய்விடும். நேராகக் கேட்டுவிடு. ஆனால் உன் ஜன்னலில் உட்கார்ந்து கேட்பது போலக் கேட்காதே.

டியூப் இதோடு வருகிறது. இதை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அலுவலகத்திலேயே வைத்துக்கொள். இதற்கு மேல் அந்தக் கடையில் போய் நிற்க என்னால் ஆகாது.

சின்னவன் போன வாரம் எனக்குப் போன் செய்தான். "எப்படி இருக்கே?" என்றான். சொன்னேன். "அக்காவைப் பார்த்த உன் ஊர் டாக்டர் நல்லவங்களா?" என்றான். நல்லவர் என்றேன். "லேடி டாக்டரா?" என்றான். ஆமாம் என்றதும் ஏதோ வேலை வந்துவிட்டது என்று வைத்துவிட்டான். அவன் எதற்கு உன் டாக்டரைப் பற்றிக் கேட்கிறான்? உனக்கு என்னவென்று அவனுக்குத் தெரியுமா?

என் விஷயம் கிடக்கட்டும். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

தங்கை

-----

மார்ச் 30

தங்கைக்கு,

கேட்டேன். கேட்டது தப்பாகப் போய்விட்டது.

நயமாகத்தான் ஆரம்பித்தேன். "என்னம்மா, முகம் இப்படிப் பளபளக்குது? என்ன க்ரீம்?" என்றேன். "வாசல் கூட்டுற வேலையை நீங்க எடுத்துக்கிட்டதுல இருந்து அரைமணி நேரம் கூடத் தூங்கறேன் அண்ணி, அதான்" என்றாள். நக்கல்! நானும் விடவில்லை. "சில க்ரீம் முகத்துக்கு ஆகாதாம், தோல் உரிஞ்சிடுமாம்" என்றேன். சட்டென்று அவள் முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்ப நீங்களும் பார்த்தீங்களா?" என்றாள். எதை என்றேன். உடனே அழுகை. "உங்க தம்பிக்கு வேற யாரோ இருக்காங்க அண்ணி. என்கிட்ட வந்து மாசக்கணக்காகுது. அவரோட டூல்ஸ் பையில ஒண்ணு பார்த்தேன். என்னன்னு மட்டும் கேக்காதீங்க, சொன்னா என் மானம் போயிடும்."

இப்போது சொல், நான் இதை நம்புவதா? திருட்டைப் பற்றிக் கேட்டால் புருஷனைக் காட்டிக் கொடுக்கிறாள். என் ஜன்னலில் இந்த வித்தையை நிறையப் பார்த்துவிட்டேன். பொருள் தன்னுடையது இல்லை என்று மாட்டிக்கொண்டால் உடனே அழுது வேறு கதை தொடங்குவார்கள். சின்னவனாவது, வேறு பெண்ணாவது! சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவன் அவன்.

வாயால் கேட்டால் உண்மை வராது. அதனால் ஒரு பொறி வைக்கப் போகிறேன். காலி டியூபின் அடியைப் பிரித்து, அதற்குள் என் முட்டிவலித் தைலத்தை நிரப்பி, பழையபடி மடித்து அலமாரியில் வைத்துவிடுவேன். அந்தத் தைலமும் வெள்ளைதான், வாசனையும் கிடையாது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். காலி டியூபுக்குக்கூட அலைய வேண்டியதாயிற்று. முதல் டியூபைக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தேன், தேடினால் காணவில்லை. இரண்டாவதில் மிச்சமிருந்ததைச் சின்ன டப்பாவில் வழித்து வைத்துவிட்டு, அந்த டியூபைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறேன். நல்ல டியூப் என் மேஜை இழுப்பறையில், சொந்தக்காரர் வராத கண்ணாடிகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை இல்லை, வீட்டில்தான் இருப்பாள். தைலம் முகத்தில் பட்டால் கண் எரிந்து வெளியே ஓடி வருவாள். பத்து நிமிஷம் எரியும், அதற்குமேல் ஒன்றும் இல்லை. திருடியது தெரிந்துபோகும், அவள் முகமும் பிழைக்கும். நீ சொன்ன நல்ல காரியமும் நடந்த மாதிரி ஆச்சு.

அக்கா

-----

ஏப்ரல் 2

அக்கா,

இதை அலுவலகத்திலேயே உட்கார்ந்து படி, வீட்டுக்கு எடுத்துப் போகாதே. போனில் சொல்லக் கூடாத விஷயம். நீ ஆச்சரியப்பட்டுக் கத்துவாய், அது மாடிவரை கேட்கும்.

நேற்று டாக்டரம்மா இருக்கும் பக்கமாக ஒரு வேலையாகப் போனேன். போன இடத்தில் அவரையும் எட்டிப் பார்த்து, உன் டியூப் காணாமல் போகிற கதையைச் சொன்னேன். அழகு நிலையம் என்றதும் தலையை ஆட்டினார். அப்புறம், "அந்த வீட்ல அவங்களுக்கு ரத்த சொந்தம் வேற யாரு?" என்றார். தம்பி என்றேன். எப்படி இருக்கிறார் என்றார். நன்றாகத்தான் இருக்கிறான், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நேரம் போக்குகிறான், தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறான், அக்காவுக்கு அதில் கோபம் என்றேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது ஆம்பளைங்களுக்கும் வரும்மா. முன்தோல் வெளுத்து இறுகிப்போயிடும். போகப் போக ஒண்ணுக்குப் போற துவாரமே சுருங்கிடும். சொட்டுச் சொட்டாதான் வரும். அந்தச் சத்தம் வெளியே கேக்கக்கூடாதுன்னு குழாயைத் திறந்து விடுவாங்க. எரியுதேன்னு தண்ணி குடிக்க மாட்டாங்க. பெண்டாட்டிகிட்ட போக மாட்டாங்க. இந்த நாற்காலியில வந்து உக்கார்ற ஆம்பளைங்க எல்லாரும் இதே கதையைத்தான் சொல்றாங்க, ரொம்ப லேட்டா வந்து" என்றார்.

அக்கா, அது சின்னவன். உன் பெட்டியில் இருக்கும் அறிவுரைத் தாளைப் படித்துத் தெரிந்துகொண்டிருப்பான். அதனால்தான் லேடி டாக்டரா என்று கேட்டிருக்கிறான். களிம்பு மட்டும் போதாத நிலைக்கு வந்திருப்பான் என்கிறார். உடனே ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அவளை ஒன்றும் கேட்டுவிடாதே. அவனையும் மிரட்டாதே. ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது கூடவே நடந்து போய்ப் பக்குவமாகச் சொல்.

தங்கை

-----

ஏப்ரல் 8

தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அலுவலகம் போனேன், மேஜையில் கிடந்தது. பக்குவமாகச் சொல் என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. எதிரே ஒரு பெரியவர் தன் ஊன்றுகோலைக் கேட்டு நின்றுகொண்டிருந்தார். அடையாளம் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு அவள் எப்போது குளியலறைக்குப் போவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சின்னவன் இருந்தான். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு கத்தல். அப்படி ஒரு குரலை நான் அவனிடம் கேட்டதே இல்லை. வாளி உருண்டது. "அக்கா! அக்கா!" என்று என்னைத்தான் கூப்பிட்டான், பெண்டாட்டியைக் கூப்பிடவில்லை.

அவள் கத்தியோடு ஓடி வந்தாள். கதவு உள்ளே தாழ்ப்பாள். தோளால் முட்டி முட்டி அவள்தான் திறந்தாள். அவன் ஷவருக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டியூப் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இதை நீங்க யாருக்கோ வாங்கித் தர்றீங்கன்னு நினைச்சேன்" என்றாள். பையில் அவள் பார்த்தது நான் குப்பையில் போட்ட முதல் டியூபைத்தான். அதில் ஒட்டியிருந்ததைக்கூட வழித்து வைத்திருக்கிறான். இதைப் பெண்கள் முகத்தில் போடுவதை அழகு நிலையத்தில் பார்த்தவள் அவள், எவள் முகத்துக்கோ என்று நினைத்துவிட்டாள்.

எரிச்சல் அடங்கியது, ஆனால் மத்தியானத்துக்குள் வீங்கி, ஒன்றுக்கு அடியோடு நின்றுவிட்டது. ஆட்டோவில் அவன் என் தோளைப் பிடித்திருந்த பிடி இன்னும் வலிக்கிறது. குழாய் போட்டு எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா இப்படி?" என்றார். சின்னவன் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டான். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கிட்னி கெட்டிருக்கும். இன்னிக்கு எப்படி வந்தீங்க?" என்றார். நான் என்னவென்று சொல்ல? முட்டிவலித் தைலம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

இறுகிய தோலை எடுத்து, துவாரத்தையும் அகலப்படுத்த வேண்டுமாம். வியாழக்கிழமை ஆபரேஷன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. என் தம்பியை நானே பொறி வைத்துப் பிடித்தேன்.

அக்கா

-----

ஏப்ரல் 14

அக்கா,

உன் பொறிக் கடிதம் எனக்குத் திங்கட்கிழமைதான் கிடைத்தது. படித்த உடனே வண்டியை ஓரம் கட்டி உங்கள் எல்லாருக்கும் போன் போட்டேன். ஒருவரும் எடுக்கவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்கி மேலாளர் எனக்குத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார், பாவம், அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

நேற்று சின்னவனோடு பேசினேன். "வலி போயிடுச்சு. மானம்தான் கொஞ்சம் வீங்கியிருக்கு" என்றான். சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன். உன்னைத் திட்ட வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன். நீ அந்தத் தைலத்தை வைக்காமலிருந்தால் அவன் இன்னும் ஒரு வருஷம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றிருப்பான். அதற்காக உன்னை மெச்சவும் என்னால் முடியாது.

அவள் என்ன சொல்கிறாள்? அவளுக்குத் தெரியுமா, நீ அவளுக்காகத்தான் அதை வைத்தாய் என்று?

தங்கை

-----

ஏப்ரல் 25

தங்கைக்கு,

தெரியும். நான்தான் சொன்னேன். சின்னவனுக்கு வைத்த பொறி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

கேட்டுவிட்டுத் துவைத்த துணிகளையெல்லாம் மடித்து அடுக்கினாள். பிறகு, "அண்ணி, நாலு வருஷமா ஒரே பாத்ரூம். உங்களுக்கு என்னன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நானே கடையில வாங்கிட்டு வந்திருப்பேன். என்னைத் திருடின்னு நினைக்க முடிஞ்சுது, இதைச் சொல்ல முடியலையா?" என்றாள். மறுநாள் அவளே கடைக்குப் போய், சின்னவனோடு படித்தவரிடம் சீட்டை நீட்டி, "ரெண்டு டியூப்" என்று வாங்கி வந்தாள். தெரு அப்படியேதான் இருக்கிறது, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் இன்னும் என்னோடு பழையபடி பேசுவதில்லை. வாசலையும் அவளே கூட்டுகிறாள். பேசுவாள், நாளாகும்.

சின்னவன் தேறிவிட்டான். முந்தாநாள் இரண்டு தம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடித்தான். நான் அலுவலகத்திலிருந்து அட்டைச் சீட்டு கொண்டு வந்து, ஆளுக்கொரு டியூபில் நூலால் கட்டி, அலமாரியில் எல்லார் கண்ணுக்கும் படும்படி வைத்துவிட்டேன். ஒன்றில் 'அக்கா', ஒன்றில் 'சின்னவன்'.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சந்தேகப் பிராணிதான். அவளைச் சந்தேகப்பட்டு அவமானப்பட்டேன், சின்னவனைச் சந்தேகப்படாமல் ஏமாந்தேன். அதனால் இனி யாரையும் சந்தேகப்படுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். பிப்ரவரியில் ஒரு கேள்வி கேட்டேன். மார்ச்சிலும் கேட்டேன். ஊரார் விஷயம் எல்லாவற்றுக்கும் வரி வரியாகப் பதில் எழுதியவள் அதை மட்டும் தாண்டிப் போயிருக்கிறாய். பகல் முழுக்க வண்டி சீட்டில் உட்காருகிறவள் வீட்டுக்கு வந்து நின்றுகொண்டு கடிதம் எழுதுகிறாய். ஜனவரியில் நான் வந்திருந்தபோது உன் சீட்டில் இரண்டு தலையணை இருந்தது. முதுகு வலி என்றாய். முதுகு வலிக்கு அடியிலா தலையணை வைப்பார்கள்?

கடைசியாக இது. வேலையாக அந்தப் பக்கம் போனேன், டாக்டரம்மாவை எட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். நானும் அங்கே வந்தவள்தான். நாலாவது மாடி. முன்பதிவு செய்துவிட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அங்கே யாரும் எட்டிப் பார்க்க முடியாது. நீ உன் பெயரில் நேரம் வாங்கிப் போயிருக்கிறாய். போய் உட்கார்ந்து, சின்னவன் கதையைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறாய்.

அலமாரியில் மூன்றாவதாக ஒரு டியூப் வைத்திருக்கிறேன். நீ கடைசியாக எனக்கு அனுப்பியதுதான், இன்னும் மூடி திறக்கவில்லை. அதிலும் சீட்டு கட்டியிருக்கிறேன், பெயர் எழுதவில்லை. டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் உன் கைக்கு வரும். என்னிடம் பொருள் வாங்குகிற முறை உனக்குத் தெரியும்.

அடையாளம் சொல்.

அக்கா

-----

மே 2

அக்கா,

சொல்கிறேன்.

இரண்டு வருஷமாக இருக்கிறது. வெள்ளையாக, காகிதம் மாதிரி மெல்லியதாக. உட்கார்ந்தால் வெடிக்கிறது. ராத்திரி தூக்கத்தில் சொறியாமலிருக்கக் கையில் உறை போட்டுக்கொள்கிறேன். ஜனவரியில் உன்னைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னபோது நான் உன்னைப் பார்க்கவில்லை. உன் முகத்தைப் பார்ப்பது போல உட்கார்ந்து அவர் சொன்னதை எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடது பக்கம் ஒரு புண் இருக்கிறது. மூன்று மாதமாக ஆறவில்லை. அதனால்தான் நேரம் வாங்கினேன், அதனால்தான் காட்டாமல் எழுந்து வந்தேன். ஆறாத புண் எது வந்தாலும் ஓடி வா என்று அவர் சொன்னதை உனக்கு எழுதிவிட்டு, நான் இங்கே பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ இல்லாமல் அந்தக் கட்டிலில் ஏற என்னால் முடியாது. புண் என்று போனில் சொன்னதும், காத்திருக்க வைக்காமல் வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கே நேரம் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு உன் ஜன்னலை மூடிவிட்டு வா.

தங்கை